சங்கு ஓய்ந்த ஊரின் செவி

1

கோலார் தங்க வயலில் எங்களுக்கு நேரம் காது வழியாகத்தான் வந்தது. ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். அதைக் கேட்டு உலை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டினார்கள். சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கிய ஆள் எப்போது மேலே வருவார் என்று கணக்கிட்டதும் அதை வைத்துத்தான். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் தொடங்கிய வேலை 120 ஆண்டுகளுக்குப் பிறகு நின்றது. வேலை போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சத்தம் போனதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பல வருஷம் ஊரே அந்தச் சங்குக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போதும் என் வயதுக்காரர்கள் பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தி எதையோ கேட்பார்கள்.

அந்தப் பழக்கத்தோடுதான் பெங்களூரில் ஒரு சிறிய கிளப்பில், கனத்த இசை கேட்கும் ஓர் இரவில் போய் நின்றேன். அங்கே கேட்டதையும், கேட்டபடி நினைத்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

2

மேல்மாடி அறை. நூறு பேர் நின்றால் நிறைந்துவிடும். மேடை முழங்கால் உயரம்கூட இல்லை. பாதிப் பேர் கறுப்பு டீ ஷர்ட். பகலில் ஏதோ அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்த களைப்பு முகங்களில் தெரிகிறது. கிட்டார்காரர் தடித்த தந்தியைத் தளர்த்திக்கொண்டே காதை ஆம்ப் பக்கம் சாய்க்கிறார். வழக்கமான சுதியில் அந்தத் தந்தி நொடிக்கு 82 முறை அதிரும். ஒன்றரை ஸ்வரம் இறக்கினால் 69 முறை. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம். நெஞ்சுக்கூட்டில் அப்படி இல்லை.

அன்று வாசித்தது டூம் மெட்டல். மெட்டல் என்றதும் வேகத்தைத்தான் பலரும் நினைப்பார்கள். இது மெதுவானது. ஒரு அடி விழும். அது முழுக்கக் கரையும்வரை அடுத்த அடி வராது. அந்த இடைவெளியில் மனம் தப்பித்து ஓடப் பார்க்கிறது. ஓட இடமில்லை. முதல் பாட்டு முழுக்க எனக்கு அந்தத் தவிப்புதான். இரண்டாவது பாட்டில் மூச்சு தானாகவே தாளத்தின் அளவுக்கு இறங்கியது. யாரும் சொல்லித் தரவில்லை.

3

பெங்களூருக்கு இந்த இசை புதிதல்ல. டையிங் எம்பிரேஸ் என்ற குழு 1991-லேயே இங்கே தொடங்கியது. 1998-இல் வந்த கிரிப்டாஸ் 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடைவரை போனது. பெவார் சீ, ஜின் அண்ட் மிஸ்கடானிக் போன்ற குழுக்கள் மெதுவான, கனத்த பாதையைப் பிடித்துக்கொண்டன. 2007 மார்ச் 17 அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வாசித்ததையும், 2011 அக்டோபர் 30 அன்று அதே இடத்தில் மெட்டாலிகா வாசித்ததையும் நாடெங்குமிருந்து வந்து கேட்டார்கள். பெரிய மைதானத்துக் கச்சேரி சில வருஷத்துக்கு ஒருமுறை வரும். நடுவில் இசையை உயிரோடு வைத்திருப்பவை இந்த அறைகள்தான். வாசிப்பவர்களே ஆம்ப்பைத் தூக்கி வருகிறார்கள். தங்கள் முறை முடிந்ததும் கூட்டத்தில் நின்று அடுத்த குழுவைக் கேட்கிறார்கள். வாசல் பக்கத்து மேஜையில் அவர்களே தங்கள் சிடி விற்கிறார்கள். சம்பாதிப்பதற்காக யாரும் இதற்கு வருவதில்லை.

4

இந்தக் கனத்த ஒலி ஒரு தொழிற்சாலையில் பிறந்தது. பர்மிங்காமில் தகட்டுப் பட்டறையில் வேலை செய்த டோனி அயோமி என்ற பையனுக்கு அப்போது 17 வயது. வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில் இயந்திரம் அவனுடைய வலதுகை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துவிட்டது. இடதுகைக்காரன். கிட்டாரில் தந்தியை அழுத்த வேண்டியவை அந்த வலதுகை விரல்கள்தான். பட்டறை மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் கிட்டார் வாசித்தவர் ரைன்ஹார்ட். பையன் பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பி செய்தான். மேலே தோல் ஒட்டினான். மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டான். பிறகு, அழுத்தம் குறையட்டும் என்று தந்தியையே தளர்த்தினான். அவன் கிட்டார் வாசித்த பிளாக் சபத் குழுவின் முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. 1971-இல் வந்த மூன்றாவது தொகுப்பில் தளர்ந்த தந்தியின் அடர்த்தி முழுதாகக் கேட்கிறது. இன்று உலகெங்கும் இளைஞர்கள் தந்தியைத் தளர்த்துவது அந்த விரல்கள் போன வழியில்தான்.

இதைப் படித்த நாளில் எங்கள் லைனில், அந்தத் தொழிலாளர் குடியிருப்பில், விரல் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன். பெயர் பெயராக நினைவு வந்தது. வெடி, டிராலி, பாறை என்று ஆளுக்கொரு காரணம். அவர்களில் ஒருவர் நன்றாக ஆர்மோனியம் வாசிப்பார் என்று அம்மா சொன்னதுண்டு. அவருக்கு யாரும் இசைத்தட்டு கொண்டுவந்து கொடுக்கவில்லை. உலகம் அவர்களிடம் தங்கம் எவ்வளவு என்று மட்டும் கேட்டது.

5

மின்சாரம் இல்லாமல் இந்த இசை இல்லை. தந்தி அதிர்வதை மின்சாரம் பிடிக்கிறது, பெருக்குகிறது, அளவுக்கு மேல் போகும்போது அதன் உருவத்தை முறிக்கிறது. அந்த முறிவுதான் டிஸ்டார்ஷன். எங்கள் ஊருக்கு மின்சாரம் 1902-இல் வந்தது. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தடங்களில் ஒன்று அது. பெங்களூர் நகரத்துக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. ஆனால் எங்களுக்கு வந்த மின்சாரம் முதலில் போனது கம்ப்ரெசருக்கும் தாது அரைக்கும் மில்லுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாவுக்கும். அவர்களுடைய கிளப்பில் நடன இரவுகள் நடந்தன. அந்த மின்சாரத்துக்கு விலையான தங்கத்தை எடுத்தவன் மண்ணெண்ணெய் விளக்கில் சாப்பிட்டான்.

அறையில் ஆம்ப்பின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இதை நினைத்தேன். கோபம் வரவில்லை. மின்சாரம் கடைசியில் உழைக்கிறவன் பிள்ளையின் கைக்கும் வந்துவிட்டது, அவன் அதைக்கொண்டு தனக்குப் பிடித்ததைச் செய்கிறான் என்று தோன்றியது. அது ஒரு சிறிய நியாயம்.

6

தாழ்ந்த ஒலியைக் காது மட்டும் கேட்பதில்லை. மார்பு எலும்பு கேட்கிறது, வயிறு கேட்கிறது, பாதம் தரைவழியே கேட்கிறது. எனக்கு இது பழகிய அனுபவம். ஊரில் பாறை வெடிப்பு வரும் நேரத்தில் முதலில் தெரிவது கால்களுக்குத்தான். பிறகு அலமாரியில் பாத்திரம் கிணுகிணுக்கும். ஆழத்தில் தாதுவைச் சுரண்டி எடுத்த இடங்களில் பாறை மேல் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தாங்கும்வரை தாங்கி, ஒரு கணத்தில் வெடித்துச் சிதறும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். வீடு குலுங்கியதும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். பாறைகளின் குணத்தை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் எங்கள் ஊரில்தான் அமைந்தது. சுரங்கம் மூடி, உள்ளே தண்ணீர் நிறைந்த பிறகும் நடுக்கம் முழுவதும் நிற்கவில்லை.

அறையில் பேஸ் கிட்டார் எழுந்தபோது என் பாதம் பழைய செய்தியைத்தான் முதலில் வாசித்தது. யாருக்கு என்ன ஆயிற்று என்று உடல் கேட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிர்வு வந்தது, நின்றது, சுற்றிலும் முகங்கள் அமைதியாக இருந்தன. மறுபடி வந்தது. மறுபடியும் ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடத்தில் என் தோள்கள் இறங்கின. எத்தனை வருஷமாக அவற்றைத் தூக்கியே வைத்திருந்தேன் என்பது இறங்கியபோதுதான் தெரிந்தது. அச்சத்தோடு கட்டிப்போட்ட ஓர் உணர்வை அச்சமில்லாத இடத்தில் திரும்பத் திரும்பச் சந்தித்தால் கட்டு தளர்கிறது. தியானத்தில் உட்காருகிறவர்கள் செய்வதும் இதுதான். வலியைப் பார், அது எழுகிறது, இருக்கிறது, போகிறது.

7

பாடகரின் குரல் கர்ஜனையாக வந்தது. கேட்காதவர்கள் இதைக் கத்தல் என்பார்கள். தொண்டையில் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு; பேச்சுக்கு அவை தேவையில்லை. அவற்றை அதிரவிட்டுத்தான் இந்தக் குரலை எடுக்கிறார்கள். தொண்டையை இறுக்காமல் வயிற்றிலிருந்து மூச்சைச் சீராக விடத் தெரியாதவன் சில நாளிலேயே குரலை இழப்பான். பல மாதச் சாதகம் இருந்தால்தான் வரும்.

சொற்கள் புரியவில்லை. அது எனக்குக் குறையாகப் படவில்லை. லைன் வீட்டு வாசலில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவன் நான். முதலில் உறவு சொல்லி அழுவார்கள், பிறகு செத்தவரின் குணம் சொல்லி அழுவார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சொல் உடைந்து வெறும் குரல் மிஞ்சும். அந்த நேரத்தில்தான் சுற்றியிருந்த ஆண்களும் அழுதார்கள். எங்கள் ஆண்களிடம் மூச்சே குறைவு. 1940-களில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வு, சோதித்த சுரங்கத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்ததைக் கண்டது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் நோய். என் தாத்தா இருமலின் நடுவேதான் பேசினார். அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு முழு மூச்சுக் குரலை அந்த அறையில் கேட்டபோது, அவருக்குக் கிடைக்காத மூச்சு அது என்று நினைத்துக்கொண்டேன்.

8

வேகமான குழு ஏறியதும் மேடைக்கு முன்னே வட்டம் விரிந்தது. இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிச் சுழல்கிறார்கள். ஓரத்தில் நின்று பார்த்தால் சண்டை போலிருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். ஒருவன் விழுந்தான், அந்தக் கணமே நாலு கைகள் அவனைத் தூக்கி நிறுத்தின. ஒரு பெண்ணின் கண்ணாடி கீழே விழுந்தது. அந்த மூலையில் ஆட்டம் நின்றது. குனிந்து தேடி எடுத்துக் கொடுத்த பிறகே தொடர்ந்தது. விழுந்தவரை மிதிக்காதே, உடனே தூக்கு என்பது இந்தக் கூட்டத்தின் எழுதாத சட்டம்.

இதே சட்டம் சுரங்கத்துக்குள்ளும் இருந்தது. ஒருவர் பாறைக்கு அடியில் சிக்கினால், எந்தச் சாதி, எந்த லைன் என்று பார்த்துவிட்டுக் கல்லைப் புரட்டியவர் இல்லை என்று அப்பா சொல்வார். கீழே இருந்த அந்தச் சமத்துவம் மேலே வந்ததும் தெருவில் கரைந்துபோனதையும் அவரே சொன்னார். அறைக்கு வெளியே இந்தப் பிள்ளைகளின் சட்டம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்குக் கவலைதான். ஆனாலும் ஒரு மணி நேரமாவது உடம்பு அதைப் பழகுகிறது. உடம்பு பழகியது மனதுக்கும் போகும் என்று நம்புகிறேன்.

9

எங்கள் ஊரின் பெரும்பாலான தொழிலாளர்கள் வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த தலித் தமிழர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் கிளைகள் எழுந்தன. 1907-இல் அவர் தொடங்கிய தமிழன் இதழை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1926 முதல் தங்க வயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். பகல் முழுக்கப் பாறை உடைத்தவர்கள் மாலையில் கூடிப் புத்தரைப் பற்றிக் கேட்டார்கள். அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது எங்கள் ஊருக்கு வெளியிலிருந்து வந்த நாகரிகம் இல்லை.

எங்கள் மக்களின் கருவியான பறையின் கதை சிக்கலானது. சாதி சுமத்திய வேலை என்று அதைக் கீழே வைத்த குடும்பங்கள் பல. அது மானத்துக்காக எடுத்த முடிவு, மதிக்கிறேன். பின்னால் வந்த தலைமுறை அதே கருவியைக் கலையாக, உரிமையாகக் கையில் எடுத்தது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது பறையும் கானாவும் ராப்பும் மின்கிட்டாரும் சேர்ந்து நின்றன. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அதன் பெயரே சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசர் பேசியதிலிருந்து வந்தது. மாரிகுப்பத்துக் கூட்டங்களில் ஒலித்த சிந்தனை நூறாண்டு கழித்து ஸ்பீக்கர் வழியே வந்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பறையடிக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இந்த அறை அந்நியமில்லை. தோலின் அதிர்வு மார்பில் இறங்குவதை நாங்கள் முன்பே அறிந்திருக்கிறோம்.

10

கச்சேரியின் நடுவே குழு திடீரென்று நிறுத்தியது. எல்லாத் தந்திகளையும் உள்ளங்கையால் அடக்கிவிட்டார்கள். மூன்று நான்கு நொடி. அப்படி ஒரு நிசப்தத்தை நான் வெறும் அமைதியில் கேட்டதில்லை. பேரொலி மனதின் சில்லறைச் சத்தங்களை எல்லாம் மூடிவிட்டிருந்தது. ஒலியும் நின்றபோது மிஞ்சியது கேட்பது மட்டுமே.

இரைச்சலை அடக்கிவிட்டுக் கேட்கும் இதே காரியத்தை எங்கள் ஊரில் விஞ்ஞானிகள் செய்தார்கள். வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பொழிகின்றன. அந்த இரைச்சலில் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிரித்தறிய முடியாது. ஆகவே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து சாம்பியன் ரீஃப்ஸில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். அவ்வளவு பாறையைத் தாண்டி மற்றக் கதிர்கள் ஏறக்குறைய வருவதே இல்லை. 1965-இல், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் அங்கே கிடைத்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கிடைத்தது. உலகில் அதுவே முதன்முறை. அந்த ஆழத்தைத் தோண்டிக் கொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களுடைய வியர்வையில் கிடைத்த நிசப்தத்தில்தான் அறிவியல் அதைக் கேட்டது.

11

காதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழில் மருத்துவர்கள் வைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இத்தகைய அறைகளில் ஒலி அதையும் தாண்டும். பாறை துளைக்கும் டிரில் 110-ஐத் தாண்டும். ஓய்வு பெற்ற டிரில்லர்களிடம் எங்கள் ஊரில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர்களுக்குக் காது அடைப்பான் கொடுக்காத காலம் அது. இன்றைக்குச் சில நூறு ரூபாயில் நல்ல இயர் பிளக் கிடைக்கிறது. போட்டுக்கொண்டால் இசை குறைவதில்லை. கூர்மை மட்டும் மழுங்கும், கனம் முழுசாக உடம்புக்கு வரும். நான் போட்டுக்கொண்டுதான் நின்றேன். உழைத்துக் காது இழந்தவர்களின் பிள்ளைகள் ரசித்துக் காது இழக்க வேண்டாம்.

12

வலியையும் அச்சத்தையும் ஒளித்து வைக்காமல், அலங்கரிக்காமல், பலர் கூடி ஒரே நேரத்தில் தாங்கிப் பார்க்கும் வழி இந்த இசை. ஆளுக்கு ஆள் தனியாகச் சுமந்ததை அந்த அறையில் எல்லாரும் சேர்ந்து சுமக்கிறார்கள். தங்கள் விருப்பத்தோடு சுமக்கிறார்கள். அதனால்தான் வெளியே வரும்போது உடம்பு லேசாகிறது. சுமையை அறிந்த ஊருக்கு இது பொருந்தும்.

மாரிகுப்பத்திலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் ஆயிரக்கணக்கானோரில் இளைஞர்கள் பலர் காதில் இயர்போனோடு போகிறார்கள். சிலர் முதுகில் கிட்டாரும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாசிக்க 100 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சமுதாயக் கூடங்கள் உண்டு, சங்க மன்றங்கள் உண்டு, பள்ளி அரங்குகள் உண்டு. அவற்றின் சாவியை வைத்திருக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு கூடத்தை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பறை அடிப்பவரையும் அதே மேடைக்குக் கூப்பிடுங்கள். பத்து மணிக்கு முடிக்கச் சொல்லுங்கள், வாசலில் இயர் பிளக் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் வந்து பின்வரிசையில் அரை மணி நேரம் உட்காருங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்.